பாதிரிக்குடியார் பொறுப்பு: அரிட்டாபட்டிக்கு ஒரு குடும்ப நடைத் திட்டம்

போன வருஷம் மே மாசம் குடும்பத்தோட கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனோம். அந்தப் பயணம் ஒரு தோல்வி. தப்பு முழுக்க என்னுடையது. மதுரையில் ஹோட்டலில் நிதானமா டிபன் சாப்பிட்டு, மலையடிவாரம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. பாறை தோசைக்கல் மாதிரி கொதிச்சுது. அப்பாவுக்கு எழுபத்து நாலு வயசு, முழங்கால் வலி. ஐயனார் கோயில் ஆலமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். செட்டிப்பொடவு குகையில் தீர்த்தங்கரருக்குக் கீழே இருந்த வட்டெழுத்தை நான் விளக்க ஆரம்பிச்சு இருபது நிமிஷம் பேசினேன். பத்து வயசு மகள் நடுவில் கேட்டாள்: "அப்பா, இன்னும் எத்தனை கல்வெட்டு இருக்கு?" ஆசையில் வந்த கேள்வி இல்லை அது.

இந்தத் தடவை ஊருக்குப் போகும் வழியில் மறுபடி ஒரு மலை என்று சொன்னதும் வீட்டில் யாரும் குதிக்கவில்லை. அதனால் வேலையில் செய்வதைப் போல முதலில் தேவைகளை எழுதினேன். மொத்தம் மூணு மணி நேரத்துக்குள் முடியணும். காலை ஒன்பதரைக்கு முன்னால் நிழலுக்கு வந்துவிடணும். அப்பா பார்ப்பதற்கும் அடிவாரத்திலேயே ஏதாவது இருக்கணும். குகையில் எழுத்து இருக்கணும் (இது என் தேவை). கடைசியாக மகள் சேர்த்தது: ஒரு இடத்துக்கு ஒரே ஒரு கதைதான் சொல்லலாம்.

அந்தத் திட்டத்தோட குறிப்புகள்தான் இந்தப் பதிவு. எழுத எழுதக் கொஞ்சம் நீண்டுவிட்டது. குழந்தைகளோட போக நினைக்கிற வேறு யாருக்காவது உதவலாம்.

எந்த மலை?

மதுரையைச் சுற்றி இந்த விஷயத்தில் பஞ்சமே கிடையாது. தமிழ் பிராமி (தமிழி என்றும் சொல்கிறோம்) எழுத்து உள்ள குகைத்தளங்கள் தமிழ்நாட்டிலேயே இங்கேதான் நெருக்கமாகக் கிடைக்கின்றன. திருப்பரங்குன்றம், ஆனைமலை, அழகர்மலை, கொங்கர் புளியங்குளம், முத்துப்பட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, வரிச்சியூர், திருவாதவூர், விக்கிரமங்கலம் என்று பட்டியல் நீளும்.

என் முதல் ஆசை மாங்குளம். மீனாட்சிபுரம் ஊரை ஒட்டிய மலை. 1882-ல் ராபர்ட் சீவெல் இந்தக் கல்வெட்டுகளைப் பார்த்துப் பதிவு செய்தார். ஆறு கல்வெட்டுகள் உண்டு. நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் கல்லில் வருகிற இடம் இது. வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவான 'நிகமம்' கொடுத்த கொடையும் இங்கேதான் இருக்கிறது. சரித்திரத்துக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் ஏற்றம் அதிகம். அப்பாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு சரிப்படாது. இன்னொரு தடவை நான் மட்டும் போகிறேன்.

கீழவளவு பஞ்சபாண்டவர் மலை ஏறுவதற்கு எளிது. ஆனால் சுற்றிலும் கிரானைட்டுக்காக வெட்டின பள்ளங்கள். அதைப் பார்ப்பதும் ஒரு பாடம்தான். குடும்பமாகப் போகிற முதல் நல்ல நடைக்கு அது வேண்டாம் என்று தோன்றியது.

மிச்சம் அரிட்டாபட்டி. மதுரை - மேலூர் ரோட்டில் நரசிங்கம்பட்டியில் திரும்பிப் போகணும். மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். அதில் கழிஞ்சமலையில் ஒரே மலைக்குள் மூன்று காலம் இருக்கிறது. அடிவாரத்தில் குடைவரைக் கோயில். இன்னொரு பக்கம் கொஞ்சம் ஏறினால் குகைத்தளமும், தமிழ் பிராமிக் கல்வெட்டும், தீர்த்தங்கரர் சிற்பமும். தூரம் குறைவு, நிழல் உண்டு. என் தேவைப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது.

முதல் நிறுத்தம்: கையில் தடியோடு ஒரு சிவன்

குடைவரையில் தொடங்குவதாகத் திட்டம். அப்பா நிதானமாக உட்கார்ந்து பார்க்கக்கூடிய இடம் இது. ஊர்க்காரர்கள் இடைச்சி மண்டபம் என்பார்கள். கி.பி. 7, 8-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. பாறையைக் குடைந்து கருவறை, உள்ளே தாய்ப்பாறையிலேயே வெட்டின லிங்கம், வாசலில் காவலர்கள். பாண்டிய நாட்டில் இதுபோன்ற குடைவரைகள் பல உண்டு. இதை வேறுபடுத்துவது முகப்பில் இருக்கிற இரண்டு சிற்பங்கள். ஒரு பக்கம் பிள்ளையார். இன்னொரு பக்கம் உட்கார்ந்த கோலத்தில், கையில் தண்டத்தோட ஒருவர். அவர்தான் லகுலீசர்.

லகுலீசர் குஜராத்துக்காரர். இன்றைய வடோதரா பக்கத்திலுள்ள கார்வானோடு அவரைச் சேர்த்துச் சொல்வார்கள். பாசுபத சைவத்துக்கு முறையான வடிவம் கொடுத்த குரு. சிவனின் அவதாரமாகவே கொண்டாடப்பட்டவர். லகுலம் என்றால் தடி. மேற்கு இந்தியாவிலும் ஒடிசாவிலும் அவர் சிற்பங்கள் நிறையக் கிடைக்கும், தமிழ்நாட்டில் அபூர்வம். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் குஜராத்திலிருந்து ஒரு சமயப் பிரிவு மேலூர் பக்கத்துப் பாறை வரை வந்து உட்கார்ந்திருக்கிறது.

சமணர்கள் இருந்த மலையின் அடியில் சிவன் கோயில் என்றதும் உடனே 'மதச் சண்டை, ஆக்கிரமிப்பு' என்று ஒரு கதை மனசில் ஓடும். இங்கே கொஞ்சம் நிதானிக்கணும். இந்தக் குடைவரை வந்த பிறகுதான், அதாவது கி.பி. 9, 10-ம் நூற்றாண்டில், அதே மலையில் தீர்த்தங்கரர் சிற்பம் செதுக்கப்படுகிறது. சிவன் கோயில் இருந்தபோதே சமணப் பள்ளியும் உயிரோடு இருந்திருக்கிறது. சண்டை எங்கேயும் நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இந்த ஒரு மலையில் கல் சொல்கிற வரிசை அதுதான்.

மகளுக்கான ஒரே கதை: "இந்தத் தாத்தா கையில் ஏன் தடி வச்சிருக்கார்?" அப்பாவும் கைத்தடியோட வருவதால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவது நிறுத்தம்: நெல்வேலியிலிருந்து வந்தவர்

இதுதான் நான் ஆவலோடு காத்திருக்கிற இடம். குகைத்தளத்துக்குப் போனதும் எல்லோரும் உள்ளேதான் பார்ப்பார்கள். முதலில் அண்ணாந்து பார்க்கணும். பாறையின் நெற்றியில் புருவம் மாதிரி நீளமாக ஒரு வெட்டு தெரியும். காடி என்கிறோம். மழைநீர் பாறை மேல் வழிந்து குகைக்குள் வராமல் இந்த விளிம்பில் சொட்டி வெளியே விழுவதற்காக வெட்டியது. நம் வீட்டு ஜன்னல் சன்ஷேடு செய்கிற வேலைதான். காடி இருந்தால், அந்தக் குகை ஆட்கள் தங்குவதற்காகத் தயார் செய்யப்பட்டது என்று அர்த்தம்.

யார் தங்கினார்கள்? சமணத் துறவிகள் ஒரே இடத்தில் நிலையாக இருக்கக் கூடாது, ஊர் ஊராக நடக்கணும். மழைக்காலத்தில் மட்டும், புதுசாக முளைக்கிற புல்லையும் பூச்சியையும் மிதித்துவிடக் கூடாது என்பதற்காக, சுமார் நாலு மாசம் ஓரிடத்தில் தங்குவார்கள். மழையில் ஒழுகாத குகை தேவைப்பட்டதற்கு அதுதான் காரணம். அப்படிப்பட்ட குகைகள் பலவற்றில் தலையணை போல ஒரு பக்கம் மேடாக விட்ட கற்படுக்கைகளைப் பார்க்கலாம். மாங்குளம் கல்வெட்டு அந்த இடத்துக்குச் சொல்கிற பெயர் 'பள்ளி'. பள்ளிகொள்ளுதல், பள்ளியறை என்று படுக்கையைக் குறிக்கிற அதே சொல். படுக்கை இருந்த இடத்தில் துறவிகள் இருந்தார்கள், துறவிகள் இருந்த இடத்தில் படிப்பு நடந்தது, பள்ளி பள்ளிக்கூடம் ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். வகுப்பில் தூங்குகிறவர்கள் சொல்லின் வேரைத்தான் காப்பாற்றுகிறார்கள் என்று ஒரு நண்பர் சொல்வார்.

காடிக்குக் கீழே எழுத்து. அரிட்டாபட்டியில் இரண்டு கல்வெட்டுகள். ஒன்று 1971-ல் கண்டறியப்பட்டது, மற்றது 2003-ல். இரண்டுமே கி.மு. காலத்தைச் சேர்ந்தவை.

முதலாவது: நெல்வேலியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் என்பவர் இந்த 'முழாகை'யைக் கொடுப்பித்தவர்.

இரண்டாவது: இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன் இந்த நல்ல 'முழஉகை'யைக் கொடுப்பித்தவர்.

முழாகை, முழஉகை என்பது குகை. முழை, முழைஞ்சு என்ற தமிழ்ச் சொற்களோடு சேர்த்துப் பாருங்கள், பிடிபடும். 'கொடுபிதோன்' என்று கல்லில் இருப்பதை 'கொடுத்தவன்' என்று படிக்கலாம் போலத் தோன்றும். ஐராவதம் மகாதேவன் அதை 'கொட்டுவித்தோன்', அதாவது உளியால் கொட்டிச் செதுக்கச் செய்தவன் என்று விளக்கினார். அந்தக் காலத்தில் இரட்டை ஒற்றை எப்போதும் இரண்டாக எழுத மாட்டார்கள், அதனால் 'ட்ட' என்பது 'ட' என்று நிற்கிறது.

சிழிவன் என்பது செழியன் என்ற பாண்டியப் பெயரின் வடிவம் என்று கொள்கிறவர்கள் உண்டு. வேள் என்றால் குறுநிலத் தலைவர். ஆக, சாதாரண ஆட்கள் இல்லை. ஆனால் எனக்கு இந்த இரண்டு வரியிலும் ஆச்சரியம் ஊர்ப் பெயர்களில்தான். நெல்வேலியைத் திருநெல்வேலி என்றும், இலஞ்சியைக் குற்றாலம் பக்கத்து இலஞ்சி என்றும் அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்தது நெல்லை. எங்க பெரியம்மா வீடு இலஞ்சிக்குப் பக்கம்.

இதைப் போனில் சொன்னதும் அப்பா கேட்டார்: "அங்க இருக்கவன் எதுக்குடே இங்க வந்து குகை வெட்டுனான்? நம்ம பக்கம் மலையா இல்ல?"

நல்ல கேள்வி. நெல்லையிலிருந்து அரிட்டாபட்டி இன்றைய சாலையில் சுமார் 185 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் நடந்தால் ஏழெட்டு நாள். நம்ம பக்கம் மலையும் உண்டு, இதே மாதிரிக் குகையும் உண்டு: மருகால்தலையில் தமிழ் பிராமிக் கல்வெட்டோடு இருக்கிறது. ஆகவே மலை இல்லாமல் வந்தவர்கள் இல்லை. மதுரைதான் தலைநகர். அதை விட்டு வடக்கே, கிழக்கே போகிற வழிகளில்தான் இந்தக் குன்றுகள் இருக்கின்றன. பக்கத்து அழகர்மலையில் கொடை கொடுத்தவர்களைப் பாருங்கள்: உப்பு வாணிகன், கொழு (ஏர்முனை) வாணிகன், பணித (வெல்லம்) வாணிகன், அறுவை (துணி) வாணிகன், பொற்கொல்லன். நடமாட்டம் இருந்த இடம். தலைநகருக்கு வேலையாக வந்த தெற்கத்தித் தலைவர்கள், தாங்கள் மதித்த துறவிகள் மழைக்குத் தங்குகிற இடத்துக்குச் செலவு செய்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஊரை விட்டு வேலைக்கு வந்தவன் ஒரு கொடை கொடுத்து, பெயரோட ஊரையும் சேர்த்துப் பொறிப்பது இன்றைக்கும் கோயில் டியூப்லைட்டில் நடக்கிற விஷயம்தானே.

மாகான என்றால் என்ன?

ஒரு இடத்துக்கு ஒரு கதை என்ற விதியை இங்கே மீறப் போகிறேன். பதிவில் மட்டும். மலையில் மாட்டேன்.

இந்த எழுத்துகள் பல வருஷம் கண்ணெதிரே இருந்தும் படிபடவில்லை. அசோகர் பிராமி ஏற்கெனவே 1830-களில் ஜேம்ஸ் பிரின்செப்பால் படிக்கப்பட்டாயிற்று. அதே எழுத்துதான் இங்கேயும். ஆனால் படித்தால் பிராகிருதமும் இல்லை, தமிழும் இல்லை, ஏதோ உளறல் மாதிரி வந்தது. 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் சென்னையில் நடந்த கீழ்த்திசை மாநாட்டில் ஒரு கட்டுரை வாசித்தார். ழ, ள, ற, ன என்று தமிழுக்கே உரிய எழுத்துகள் இதில் இருக்கின்றன, இது தமிழ் என்று காட்டினார். பிறகு 1960-களில் மகாதேவன் அதை முறையாகச் சீர்படுத்தினார். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரையும் புகளூரில் சேரர் பெயர்களையும் அடையாளம் கண்டார். அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, தொல்லியல் துறைக்காரர் இல்லை. ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அவர் ஒரு தைரியம்.

எங்கே சிக்கல் இருந்தது? என்னைப் போல மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு உடனே புரியும்: எழுத்து ஒன்றுதான், என்கோடிங் வேறு.

அசோகர் முறையில் வெறும் எழுத்து என்றால் 'க'. அதில் ஒரு சின்னக் கோடு இழுத்தால் 'கா'. பிராகிருதத்துக்கு இது போதும். தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்குச் சொல் வருகிறது. அதனால் ஆரம்பகாலத் தமிழ் எழுத்தர்கள் விதியை மாற்றினார்கள். வெறும் எழுத்து என்றால் 'க்'. கோடு இழுத்தால் 'க', 'கா' இரண்டுக்கும் பொது. இந்த முறையில் 'மகன்' என்று எழுத ம-வுக்குக் கோடு, க-வுக்குக் கோடு, ன் வெறுமனே. இதை அசோகர் விதியில் படித்தால் 'மாகான' என்று வரும். படித்தவர்கள் முழித்ததில் ஆச்சரியமில்லை.

2000-ஐ ஒட்டி டிஸ்கியில் எழுதின தமிழ்ப் பக்கத்தை வேறு என்கோடிங்கில் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் உண்டு. பைட்டுகள் எல்லாம் சரியாக இருக்கும், திரையில் குப்பை வரும். கல்லில் பிழை எதுவும் இல்லை. படிக்கிற விதிதான் வேறு. பின்னால் மெய்யைக் காட்டப் புள்ளி வந்தது, குழப்பம் தீர்ந்தது. இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. 2010-ல் யூனிகோடில் பிராமி இடம்பெற்றது. பழந்தமிழ்ப் புள்ளியும், குறில் எ, ஒ-வும் 2021-ல் வந்த 14-ம் பதிப்பில்தான் தனியாகச் சேர்ந்தன. அந்தப் புள்ளிக்கு மட்டும் பதினோரு வருஷம் கூடுதல்.

மூன்றாவது நிறுத்தம்: அம்மாவை அங்கே பார்த்தோம்

குகையை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். மேலே சுதையும் வண்ணமும் பூசியிருந்த தடம் இன்னும் தெரியும். கல்வெட்டு வட்டெழுத்தில் இருக்கிறது. அதன் சாரம் இது: திருப்பிணையன் மலையில், பொற்கோட்டுக் கரணத்தார் பெயரால், அச்சணந்தி செய்வித்த திருமேனி. பாதிரிக்குடியார் இரட்சை.

மூணு பேர் வருகிறார்கள், மூணுமே எங்க வீட்டுக்குச் சொந்தம் மாதிரி ஆகிவிட்டார்கள்.

முதலில் அச்சணந்தி. சமண குரு. அவர் பெயர் ஆனைமலை, அழகர்மலை, கொங்கர் புளியங்குளம், உத்தமபாளையம் என்று பல மலைகளில் வருகிறது. தெற்கே எங்க நெல்லைப் பக்கம் ஏர்வாடி வரைக்கும் அவர் பெயரில் சிற்பம் இருக்கிறது. நெல்வேலிக்காரர் இங்கே வந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் கழித்து, இங்கே இருந்தவர் பெயர் நெல்லைக்குப் போயிருக்கிறது. அப்புறம், போன வருஷம் போய்ச் சொதப்பின சமணர் மலை. அங்கே பேச்சிப்பள்ளத்தில் இருக்கிற சிற்பங்களில் ஒன்று அச்சணந்தியின் தாயார் குணமதியாரோடு தொடர்புடையது, கல்வெட்டு அவர் பெயரைச் சொல்கிறது. மகளுக்குச் சொல்லப் போகிற கதை இதுதான்: "போன தடவை அம்மா பேரைப் பார்த்தோம்ல, இது மகன் வேலை." இப்படி ஒரு தொடர்ச்சி இருந்தால் போன வருஷத்து வெயிலையும் மன்னித்துவிடுவாள் என்று நம்புகிறேன்.

இரண்டாவது, கரணத்தார். கரணம் என்றால் கணக்கு எழுதுகிற பொறுப்பு. பின்னால் கர்ணம், கணக்குப்பிள்ளை என்று ஊருக்கு ஊர் தொடர்ந்த வேலை. அப்பா கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டா, சிட்டா, அடங்கல் என்றே முப்பது வருஷம் போனது. விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க டிபார்ட்மென்டு ஆளு பேரு கல்லுல இருக்கா? ஆயிரம் வருசமாவா?" என்றார். அப்புறம் மெதுவாக, "நமக்கு பென்சன் பைல்ல கூட பேரத் தப்பா எழுதிட்டானுவ."

மூன்றாவது, பாதிரிக்குடியார். பாதிரிக்குடி என்பது இந்த ஊரின் அன்றைய பெயர். இரட்சை என்றால் காவல். சிற்பத்தைச் செய்து கொடுத்துவிட்டோம், இனி இதைப் பார்த்துக்கொள்வது ஊர்க்காரர்கள் பொறுப்பு என்று கல்லில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதுபோன்ற வரி பல சமணக் கல்வெட்டுகளில் வரும். சம்பிரதாயமான முடிப்பு என்று நான் தாண்டிப் போயிருப்பேன். தாண்ட முடியாமல் செய்தது அண்மை வரலாறு.

ஒப்பந்தம் இன்னும் நடப்பில்

2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் நிலம் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதுதான் முதல். அந்த அறிவிப்பில் ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், சுமார் 250 பறவை இனங்கள் என்று கணக்கு வரும். லகர் ஃபால்கன் போன்ற அரிய வேட்டைப் பறவைகள், எறும்புத்தின்னி, தேவாங்கு எல்லாம் உண்டு.

சரியாக இரண்டு வருஷம். 2024 நவம்பரில் இந்தப் பகுதியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி, சுமார் 2,015 ஹெக்டேர், ஏலம் போன செய்தி வந்தது. ஊர் ஊராகக் கிராம சபைத் தீர்மானங்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் நடந்தே போனார்கள். ஜனவரி 23-ல் ஒன்றிய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது.

இதுபோல ஒன்று முன்னாலும் நடந்தது. ஆனைமலையில் சிற்ப நகரம் அமைக்கிற யோசனை வந்தபோது சுற்றியுள்ள மக்கள் எதிர்த்தார்கள், அது கைவிடப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2010-ல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த 'பசுமை நடை', மாதாமாதம் மக்களைக் கூட்டிக்கொண்டு இந்த மலைகளுக்குப் போனது. இன்றைக்கு என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள் குடும்பத்தோட போக வழி தெரிகிறது என்றால் அதில் அந்த நடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

டங்ஸ்டன் விஷயத்தில் மக்கள் சமணக் கல்வெட்டுக்காக மட்டும் நடக்கவில்லை. வயலுக்காக, கண்மாய்க்காக, குடியிருக்கிற வீட்டுக்காக நடந்தார்கள். அதுதான் நியாயம். ஆனால் மலைக்கும் கண்மாய்க்கும் நடுவில் கோடு கிடையாது. பாறையில் விழுகிற மழைதான் சுனையாகி ஏரிக்கு வருகிறது. காடி வெட்டினவனுக்கும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்ற கணக்கு தெரிந்திருந்தது. மலையைக் காப்பவர்கள் ஊர்க்காரர்கள் என்ற வரி எழுதி ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் செல்லுபடியாகிறது. எழுதியவருக்கு அந்த ஊர்க்காரர்கள் மேல் இருந்த நம்பிக்கை வீண் போகவில்லை.

கடைசித் திட்டம்

பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிற தாள் இது.

காலை 5.30: மதுரையிலிருந்து கிளம்பணும். இட்லி, பொடி தடவினது, பார்சல். தலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். மலையில் கடை கிடையாது.

6.15: ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு, அங்கே இருக்கிற பெரியவர் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகணும். வழி கேட்பது சாக்கு. அது அவர்கள் மலை.

6.30: குடைவரை. அப்பாவுக்கு மடக்கு நாற்காலி.

7.15: குகைத்தளம். காலையில் வெயில் சாய்வாக விழும்போது வெட்டெழுத்தின் நிழல் தெரியும், உச்சி வெயிலில் பாறை வெறும் பாறைதான். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ், மஞ்சள், தண்ணீர் எதுவும் தடவக் கூடாது. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் போதும்.

8.00: தீர்த்தங்கரர். அம்மா - மகன் கதை. இரண்டு நிமிஷம்தான்.

8.20: இறக்கம், இட்லி. குப்பை எல்லாம் பையோட திரும்ப வரணும்.

9.00: வண்டி.

இன்னும் சில குறிப்புகள். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும், போக வேண்டாம். மலைத்தேனீ இருக்கிற இடங்களில் சென்ட் அடித்துக்கொண்டு போகக் கூடாது, கத்தக் கூடாது. பறவைகளும் கூடு வைக்கிற இடம் என்பதால் ஸ்பீக்கர் பாட்டும் வேண்டாம். செருப்பைவிடப் பிடிப்புள்ள ஷூ நல்லது.

நேற்று ராத்திரி தாளைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்தில் போன்.

"எய்யா, அந்தக் கரணத்தார் பேரு எந்த இடத்துல இருக்குன்ன? கீழேயா, மேலேயா?"

"மேலப்பா. கொஞ்சம் ஏறணும். நான் போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுறேன்."

"போட்டோலாம் நீ வச்சுக்க. நாற்காலியத் தூக்கிட்டு வராத, இடைஞ்சல். நான் கம்ப ஊனிக்கிட்டு மெதுவா ஏறிருவேன். எனக்கு அரை மணி நேரம் கூடப் போடு."

தாளில் திருத்திவிட்டேன். 9.00 இப்போது 9.30. தேவைப் பட்டியலுக்குள்தான் இருக்கிறது.